மர்செல்லாவின் கேள்விகள்

கிறிஸ்தவர்கள் வேதாகமத்தை வாசிக்கும் முறையை இரண்டாகப் பகுத்துப் பேசுவது வழக்கம். ஒரு பகுதியை மெல்ல வாசித்து, அதை மனத்தில் இருத்தி, அதிலிருந்து எழும் நினைவை ஜெபமாக மாற்றிக்கொள்வது தியான வாசிப்பு எனப்படும். அப்பகுதி எந்தக் காலத்தில், எவருக்கு, எந்த மொழியில் எழுதப்பட்டது, அதன் சொற்கள் மூலத்தில் என்ன பொருள் தந்தன, முன்னும் பின்னும் உள்ள பகுதிகளோடு அது எவ்வாறு இயைகிறது என்று தேடிக் கற்பது வேத ஆராய்ச்சி எனப்படும். பகுப்பு பயனுள்ளதுதான். ஆயினும் காலப்போக்கில் அது வாசிப்பைப் பகுப்பதோடு நில்லாமல் வாசிப்பவர்களையும் பகுத்துவிட்டது: ஆராய்ச்சி குருமாருக்கும் இறையியல் கல்லூரிகளுக்கும் உரியது, தியானம் பெண்களுக்கு உரியது என்று சொல்லாமற் சொல்லும் ஒரு மனப்போக்கு திருச்சபைகளில் வேரூன்றியிருக்கிறது. பெண்களுக்கென எழுதப்படும் அன்றாடத் தியான நூல்களில் ஒரு வசனம், ஒரு சிறு நிகழ்ச்சி, ஓர் ஆறுதல் மொழி, ஒரு குறுஞ்ஜெபம் என்னும் அமைப்பே பெரிதும் காணப்படுவதும், ஒரு சொல்லின் வரலாறோ கடினமான பகுதியொன்றின் சிக்கலோ அவற்றில் அரிதாகவே இடம்பெறுவதும் அம்மனப்போக்கின் விளைவுகளே.

இப்பிரிவினையால் குன்றிப்போவது பெண்களின் அறிவு மட்டுமன்று, அவர்களுடைய பக்தியுந்தான். கேள்வி கேட்கும் உரிமையை இழந்த தியானம், வாசிப்பவர் ஏற்கெனவே அறிந்திருப்பதையே திரும்பத் திரும்ப அவருக்குச் சொல்லத் தொடங்கிவிடுகிறது; வேதாகமம் அவரோடு பேசுவதற்கு மாறாக அவர் தம்மோடு தாமே பேசிக்கொள்ளும் நிலை உண்டாகிறது. கிறிஸ்தவப் பெண்களின் வாசிப்பு குறித்துக் கிடைக்கும் மிகப் பழைய, மிக விரிவான சான்றுகளோ வினவுதலை வழிபாட்டின் ஓர் உறுப்பாகவே காட்டுகின்றன.

முதலில் தியானம் என்னும் சொல்லையே நோக்கலாம். சங்கீதப் புத்தகத்தின் முதற் சங்கீதம் இரவும் பகலும் வேதத்தில் தியானமாயிருக்கிறவனைப் பாக்கியவான் என்கிறது. தமிழ் வாசகருக்குத் தியானம் என்றவுடன் கண்மூடிய மௌனம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் அங்குள்ள எபிரெயச் சொல்லாகிய ‘ஹாகா’ ஓசையுள்ள செயலைக் குறிப்பது. தன் இரையின்மேல் நின்று உறுமும் சிங்கத்தின் ஒலிக்கும், புறாவின் முனகலுக்கும் ஏசாயாவின் நூல் அதே சொல்லையே ஆள்கிறது. வாய்க்குள் முணுமுணுத்து, நாவால் உருட்டி, செவியால் கேட்டு வாசிப்பதே அதன் பொருளாதலால், தமிழில் அதற்கு மிக நெருங்கிய சொல்லைத் தேடினால் ‘ஓதுதல்’ என்பதே கிடைக்கிறது. இடைக்காலத் துறவிகள் இதே செயலுக்கு மாடு இரையை மீட்டு மெல்வதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைப் பயன்படுத்தினர். தமிழும் அசைபோடுதல் என்னும் ஒரே சொல்லால் மாட்டின் செயலையும் மனத்தின் செயலையும் குறிக்கிறது. உணவின்றி அசைபோடுதல் இல்லை என்பது இவ்வுவமையின் உட்கிடை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கார்த்தூசியத் துறவி இரண்டாம் குய்கோ, வாசிப்பு, தியானம், மன்றாட்டு, இறைக்காட்சி என நான்கு படிகள் கொண்ட ஏணியாக இவ்வொழுங்கை விளக்கியபோது, வாசிப்பு உணவை வாயில் இடுகிறது, தியானம் அதை மென்று அரைக்கிறது என்ற முறையிலேயே அவற்றின் உறவை அமைத்தார். ‘லெக்சியோ திவீனா’, அதாவது இறை வாசிப்பு, என்று இன்று பரவலாகக் கற்பிக்கப்படும் முறை இதுவே. அவருடைய கணக்கில் முதற்படி கவனமான கற்றலாகும். அதைத் தாண்டி மேற்படிகளுக்குத் தாவுவோர் வெறும் வாயை மெல்லுகின்றனர்.

லூக்கா எழுதிய நற்செய்தியில் மரியாள் பேசும் முதல் வாக்கியமே ஒரு கேள்வி என்பதும் இங்கே கருதத்தக்கது. தேவதூதன் அறிவித்த செய்தியை ஏற்பதற்கு முன் அது எவ்வாறு ஆகும் என்று அவர் வினவுகிறார். வினவியதற்காக அவர் கடிந்துகொள்ளப்படவில்லை. பின்னர் மேய்ப்பர்கள் சொன்னவற்றை அவர் இருதயத்தில் வைத்துச் சிந்தித்தார் என்று கூறுமிடத்தில் லூக்கா ஆளும் கிரேக்கச் சொல், பலவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பொருத்திப் பார்த்தலைக் குறிப்பது. மார்த்தாளின் சகோதரியாகிய மரியாள் இயேசுவின் பாதத்தருகே உட்கார்ந்த காட்சியை அடக்கத்தின் சித்திரமாகவே பலரும் விளக்குவர். ஆனால் பவுல் தாம் கமாலியேலின் பாதத்தருகே வளர்ந்து வேதப்பிரமாணம் பயின்றதாகச் சொல்வதோடு அதைச் சேர்த்து வாசிக்கும்போது, ஓர் ஆசிரியரிடம் மாணவர் அமரும் இடம் அது என்பது புலனாகும்.

இவ்வகை வாசிப்பு ஒரு வாழ்க்கை முறையாகவே நிலைபெற்றிருந்த இடம் நான்காம் நூற்றாண்டு உரோமை நகரின் அவெந்தீன் குன்று. அங்கிருந்த தம் மாளிகையில் மர்செல்லா என்னும் உயர்குடிப் பெண், திருமணமான ஏழாம் மாதத்திலேயே விதவையாகி, மறுமணத்தை மறுத்து, எளிய உடையும் உபவாசமும் வேத வாசிப்புமாக ஒரு துறவு வாழ்வைத் தொடங்கியிருந்தார். எகிப்தியத் துறவி அந்தோணியைப் பற்றி அலெக்சாந்திரிய ஆயர் அத்தனாசியு வாயிலாக உரோமையில் பரவிய செய்திகளே அவருக்கு வழிகாட்டியாயின. பிற பெண்களும் அவரைச் சூழ்ந்து கூடினர். 382ஆம் ஆண்டில் சங்கக் கூட்டமொன்றின் பொருட்டு உரோமைக்கு வந்த ஜெரோம், எபிரெயமும் கிரேக்கமும் கற்றவர் என்ற புகழோடு வந்தார். தமாசு ஆயரின் பணியில் இலத்தீன் நற்செய்திகளைத் திருத்திக்கொண்டிருந்த அவரை இப்பெண்கள் தங்களுக்கு வேதம் கற்பிக்குமாறு கேட்டுக்கொண்டனர்.

மர்செல்லா எழுதிய கடிதங்கள் எவையும் இன்று கிடைக்கவில்லை. கிடைப்பவை ஜெரோம் அவருக்கு எழுதிய மறுமொழிகளே. எனினும் மறுமொழிகளின் வாயிலாகக் கேள்விகளைக் கண்டுகொள்வது கடினமன்று. எபிரெய மொழியில் கடவுளுக்கு வழங்கும் பத்துப் பெயர்கள் எவை. ஆமென், அல்லேலூயா போன்ற சொற்கள் மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே விடப்பட்டது ஏன். ஏபோத்து என்பது எத்தகைய ஆடை. நூற்றிருபத்தேழாம் சங்கீதத்தில் வரும் வருத்தத்தின் அப்பம் எதைக் குறிக்கிறது என்பன போன்ற வினாக்கள் அவை. அவற்றுள் ஒன்று தமிழ் வாசகர் ஒவ்வொருவரும் கடந்து வந்திருக்கக்கூடியது. சங்கீதங்களில் எழுபத்தொரு இடங்களில், தமிழ் வேதாகமத்தில் அடைப்புக்குறிக்குள் நிற்கும் ‘சேலா’ என்னும் சொல் எதைக் குறிக்கிறது என்று மர்செல்லா கேட்டார். அது யாப்பின் மாற்றத்தைக் குறிக்கலாம், பாடுவோர் சற்று நிறுத்துமிடமாக இருக்கலாம் என்ற கருத்துகளையும், ‘எப்போதும்’ என்று பொருள்கொண்ட பழைய மொழிபெயர்ப்பாளர் அக்கிலாவின் தீர்வையும், வேத விளக்கவுரையாளர் ஓரிகன் கூறியதையும் ஜெரோம் தொகுத்து எழுதினார். பதினாறு நூற்றாண்டுகள் கழிந்தும் அச்சொல்லின் பொருள் ஐயமறத் தெளியவில்லை. அன்றாடம் சங்கீதம் ஓதிய ஒரு பெண், ஓதும் நாவுக்கு வசப்பட்டும் மனத்துக்கு வசப்படாத ஒரு சொல்லைக் கடந்துபோக மறுத்தார் என்பதே இதிற் கருதத்தக்கது. எளிதில் கடந்துபோகக்கூடிய இடத்தில் நிற்பதுதான் பக்தியுள்ள வாசிப்பின் முதல் அடையாளம் எனலாம்.

மர்செல்லா இறந்தபின் அவருடைய தோழி பிரின்சிப்பியாவுக்கு எழுதிய கடிதத்தில் ஜெரோம் அவரது கற்கும் முறையை விவரிக்கிறார். தம்மைச் சந்தித்த போதெல்லாம் அவர் வேதத்தைப் பற்றி ஏதேனும் வினவாமல் இருந்ததில்லை என்றும், கூறிய விடையை ஆசிரியரின் பெயருக்காக உடனே ஒப்புக்கொள்ளாமல் எதிர்வினா எழுப்பினார் என்றும், வாதாடும் பொருட்டன்றி எழக்கூடிய மறுப்புகளுக்கு விடையை அறியும் பொருட்டே அவ்வாறு செய்தார் என்றும் அவர் கூறுகிறார். பாடம் கேட்கும் முறையைச் சொல்லும் நன்னூல் வினவுதலையும் வினவியவற்றுக்கு விடை கூறுதலையும் கற்றலின் கூறுகளாகவே எண்ணுவதால், இச்சித்திரம் தமிழ்க் கல்வி மரபை அறிந்தவர்களுக்குப் புதியதாகத் தோன்றாது. 385இல் ஜெரோம் உரோமையை விட்டு நீங்கிய பின்னர், வேதப் பொருளில் ஐயம் எழுந்தால் குருமாரும் மர்செல்லாவிடமே சென்று கேட்டனர். அப்போது அவர் தம் சொந்த விடையையும் ஜெரோமிடமோ வேறோர் ஆணிடமோ கேட்டறிந்ததாகவே கூறுவார். பெண் உபதேசம்பண்ணுவதைத் தாம் அனுமதிப்பதில்லை என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபத்தில் உள்ள சொற்களை மனத்திற்கொண்டு, கேட்க வந்த ஆண்களுக்கு இழுக்கு நேர்ந்ததாகத் தோன்றாதபடி அவ்வாறு செய்தாராம். ஜெரோம் இதைப் பாராட்டாகவே எழுதுகிறார். இன்று வாசிப்போருக்கு அதில் ஒரு பெருந்துயரமும் தெரியாமற் போகாது: அறிவு அவருடையது, அதைச் சொல்வதற்கான பெயர் இன்னொருவருடையது. 410இல் அலாரிக்கின் கோத்தியப் படை உரோமையைக் கொள்ளையிட்டபோது தாக்கப்பட்ட மர்செல்லா சில காலத்தில் இறந்தார். அவர் சொல்லிய விளக்கங்களில் எவை அவருடையவை என்பது அவரோடே மறைந்தது.

அதே வட்டத்தைச் சேர்ந்த பவுலா, ஐந்து பிள்ளைகளைப் பெற்று விதவையானவர். தம் மகள் எவுஸ்தோக்கியத்துடன் பாலஸ்தீனத்துக்குச் சென்று, பெத்லகேமில் ஜெரோமின் மடத்துக்கு அருகே பெண்களுக்கான மடத்தை நிறுவினார். அங்கே விடியற்காலை தொடங்கி நள்ளிரவு வரை ஆறு வேளைகளில் சங்கீதங்கள் பாடப்பட்டன. சகோதரிகள் அனைவரும் சங்கீதங்களை மனனம் செய்திருக்க வேண்டும் என்பதோடு, நாள்தோறும் வேதத்தில் ஒரு பகுதியைக் கற்கவும் வேண்டும் என்பது விதி. பாடுதலும் கற்றலும் ஒரே விதியில் இணைந்து நின்றதே இம்மடத்தின் சிறப்பு. பவுலா எபிரெயம் கற்று, இலத்தீன் சாயல் கலவாத ஒலிப்போடு சங்கீதங்களை அம்மொழியிலேயே பாடினார் என்பது ஜெரோமின் சாட்சி. பழைய, புதிய ஏற்பாடுகள் முழுவதையும் தம்மோடும் மகளோடும் வாசித்து விளக்குமாறு அவர் ஜெரோமைக் கட்டாயப்படுத்தினார். ஓரிடத்தில் விளக்கத் தெரியாமல் ஜெரோம் தம் அறியாமையை ஒப்புக்கொண்டபோதும் விடாமல், பல கருத்துகளுள் எது ஏற்புடையதாகத் தோன்றுகிறது என்பதையாவது சொல்லும்படி கேட்டார். இலத்தீன் வேதாகமமான வுல்காத்தாவின் பின்னணியில் இந்த இடைவிடாத வினாக்கள் இருந்தன என்பதை ஜெரோம் மறைக்கவில்லை. எஸ்தரின் நூலை இப்பெண்களுக்கே உரிமையாக்கினார், ஏசாயாவுக்கு எழுதிய பேருரையை எவுஸ்தோக்கியத்துக்குப் படைத்தார். பெண்களுக்கு நூலெழுதுவதாகத் தம்மை ஏளனம் செய்தோருக்கு மறுமொழியாகச் செப்பனியா உரையின் முன்னுரையில், ஆண்கள் மௌனமாயிருந்த காலத்தில் தீர்க்கதரிசனம் உரைத்த உல்தாளை நினைவூட்டினார்.

பவுலாவின் பேர்த்திக்காக அக்குழந்தையின் தாய் லேத்தாவுக்கு ஜெரோம் எழுதிய கடிதம், ஒரு கிறிஸ்தவச் சிறுமிக்கு வகுக்கப்பட்ட வேதக் கல்வித் திட்டம் என்னும் வகையில் தனித்து நோக்கத்தக்கது. மரத்தாலோ தந்தத்தாலோ எழுத்துகள் செய்து கொடுத்து விளையாட்டாகவே எழுத்தறிவிக்க வேண்டும். பிறகு முதலில் சங்கீதம், அடுத்து வாழ்வுக்கு நெறி காட்டும் நீதிமொழிகள், உலகப்பொருளின் நிலையாமையை அறிவிக்கும் பிரசங்கி, பொறுமைக்கு யோபு. அதன்பின் ஒருபோதும் கீழே வைக்கக்கூடாத நற்செய்திகள், அப்போஸ்தலர் நடபடிகள், நிருபங்கள். அவற்றுக்குப் பின் தீர்க்கதரிசிகளும் மோசேயின் ஆகமங்களும் வரலாற்று நூல்களும். எல்லாம் முடிந்த பிறகே உன்னதப்பாட்டு. சிறுமி மணிகளையும் பட்டையும் விடக் கையெழுத்துப் படிகளை நேசிக்க வேண்டும் என்றும், அப்படிகளிலும் பொன்மையின் அழகைக் காட்டிலும் பிழையற்ற பாடத்தையே விரும்ப வேண்டும் என்றும் அவர் எழுதினார். எந்தப் பகுதியையும் விலக்காமல், எதை எப்போது வாசிப்பது என்பதை மட்டுமே வரையறுக்கும் இத்திட்டத்தோடு ஒப்பிட்டால், ஆண்டு முழுவதும் நூற்றுக்குக் குறைவான வசனங்களையே சுற்றிச் சுற்றி வரும் தியானத் தொகுப்பு ஒன்று எவ்வளவு சிறுத்துத் தோன்றும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஜெரோமை முழுவதும் முன்மாதிரியாகக் கொள்ளுதல் இயலாது என்பதையும் இங்கேயே பதிவு செய்தாக வேண்டும். பெண்ணின் உடலைப் பற்றிய அவருடைய அச்சம் கொடியது. அதே சிறுமிக்கு அவர் விதிக்க விரும்பிய உபவாசமும் தனிமையும் கடுமையானவை. பவுலாவின் மூத்த மகள் பிளேசில்லா 384இல் இளம் வயதிலேயே இறந்தபோது, கடும் உபவாசமே அவளைக் கொன்றது என்று உரோமை மக்கள் துறவிகள்மேல் சினங்கொண்டனர்; அச்சினம் நியாயமற்றது என்று எளிதில் தள்ளிவிட முடியாது. மகளை இழந்து அழுத தாயை அளவுக்கு மீறி அழுவதாகக் கண்டித்து ஜெரோம் எழுதிய கடிதம், கற்றறிந்த ஒருவரும் எவ்வளவு இரக்கமற்றுப் போகக்கூடும் என்பதற்குச் சான்று. அப்பெண்களிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது அவர்கள் ஆசிரியரின் துறவுக் கொள்கையையன்று, அவரிடம் அவர்கள் கேட்ட விதத்தையே.

அவ்விதத்தில் வாசிக்கத் தொடங்கினால், பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட பகுதிகளே முதலில் உருமாறித் தோன்றுகின்றன. நீதிமொழிகள் முப்பத்தொன்றாம் அதிகாரத்தின் இறுதியிலுள்ள இருபத்திரண்டு வசனங்கள், தமிழ்ச் சபைகளின் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டங்களிலும் திருமண ஆராதனைகளிலும் அடக்க ஆராதனைகளிலும் பெரிதும் வாசிக்கப்படுபவை. விடியுமுன் எழுந்து, இரவிலும் விளக்கணையாமல் உழைக்கும் மனைவியின் கடமைப் பட்டியலாகவே இதைக் கேட்டுப் பழகிய பெண்கள், தங்களால் எட்ட முடியாத ஓர் அளவுகோலாக இதை உணர்ந்து மனம் சோர்வதும் உண்டு. மூலத்தில் இது ஓர் அகரவரிசைப் பாடல். எபிரெய நெடுங்கணக்கின் இருபத்திரண்டு எழுத்துகளும் வரிசையாக அடிகளின் முதலில் நிற்கின்றன. எழுத்து முழுவதையும் செலவிட்டுப் புகழும் இவ்வமைப்பு, பாடலின் நோக்கம் புகழ்ச்சி என்பதைக் காட்டுகிறது. பழைய திருப்புதலில் ‘குணசாலியான ஸ்திரீ’ என்று மொழிபெயர்க்கப்பட்டுள்ள தொடரின் எபிரெயச் சொல் ‘ஹாயில்’. அதன் அடிப்படைப் பொருள் வலிமை. போர்ப்படையையும், வீரத்தையும், செல்வாக்கையும், பெருஞ்செல்வத்தையும் அது குறிக்கும். கிதியோனைத் தேவதூதன் அழைக்குமிடத்தில் அதே சொல் தமிழில் பராக்கிரமசாலி என்றும், போவாசை அறிமுகப்படுத்துமிடத்தில் மிகுந்த ஆஸ்திக்காரன் என்றும் ஆகிறது. ரூத்தைப் போவாஸ் பாராட்டுமிடத்திலோ மீண்டும் குணசாலி என்றே நிற்கிறது. ஆணுக்கு வரும்போது வீரமாகவும் செல்வமாகவும் இருந்த ஒரு சொல் பெண்ணுக்கு வரும்போது நற்குணமாக மென்மையாக்கப்பட்டது மொழிபெயர்ப்பாளர்களின் தீய எண்ணத்தால் அன்று. அக்காலத்துச் செவிக்கு அதுவே இயல்பாக ஒலித்தது. ஆனால் அச்சொல்லின் வரலாற்றை அறிந்த ஒரு பெண், வயலை ஆராய்ந்து வாங்குகிறவளும், தன் கைகளின் ஆதாயத்தால் திராட்சத்தோட்டம் நாட்டுகிறவளும், தன் வியாபாரத்தின் பயனை உணர்ந்தவளுமாகிய அப்பாட்டின் தலைவியை வேறொரு கண்ணால் காண்பார்.

அவ்வதிகாரத்தின் தொடக்கத்தை வாசிக்காமல் பத்தாம் வசனத்தில் தொடங்குவது இன்னோர் இழப்பு. லேமுவேல் அரசனுக்கு அவனுடைய தாய் கற்பித்த உபதேசம் என்றே அதிகாரம் தொடங்குகிறது. பேசமுடியாதவர்களுக்காக வாயைத் திற, சிறுமையும் எளிமையுமானவர்களுக்கு நியாயம் செய் என்னும் பொருளில் ஒரு தாய் அரசியல் அறம் போதிக்கிறாள். பாடலின் இறுதிப் பகுதியில் தலைவியின் நாவில் இருப்பதாகச் சொல்லப்படும் போதகத்துக்கு எபிரெயத்தில் உள்ள சொல் ‘தோரா’. மோசேயின் சட்டத்துக்கும் அதுவே பெயர். எபிரெய வேதாகமத்தின் புகழ்பெற்ற லெனின்கிராடு கையெழுத்துப் படியில் நீதிமொழிகளுக்கு அடுத்தே ரூத்தின் நூல் வைக்கப்பட்டிருப்பதால், வலிமையுள்ள பெண் எங்கே கிடைப்பாள் என்னும் கேள்வியோடு தொடங்கும் பாடலை வாசித்து முடித்தவர், பக்கத்தைப் புரட்டியதும் மோவாபிலிருந்து வந்த ஓர் அந்நிய விதவையைச் சந்திக்கிறார். இவற்றில் எதுவும் தியானத்துக்குப் புறம்பானதன்று. அகராதியைப் புரட்டிய பத்து நிமிடம் அப்பெண்ணின் ஜெபத்தை நீட்டிக்குமேயன்றிக் குறைக்காது.

வாக்குத்தத்த வசனத்தைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். புத்தாண்டு ஆராதனையில் ஒரு வசனத்தைப் பெற்று அதையே ஆண்டு முழுவதும் பற்றிக்கொள்வது தமிழ்ப் புரோட்டஸ்டண்டு இல்லங்களில் ஆழமாகப் பதிந்த வழக்கம். சுவரில் மாட்டிய அவ்வசனத்தைப் பார்த்துப் பார்த்து ஒரு நோயையோ ஒரு மரணத்தையோ கடந்து வந்த பெண்களின் நம்பிக்கையை எந்த ஆராய்ச்சியாளரும் ஏளனம் செய்யலாகாது. ஆனால் வசனம் தன் இடத்திலிருந்து அறுத்தெடுக்கப்படும்போது அதன் ஆறுதலும் அறுபட்டுப்போகிறது. நன்மையான எதிர்காலத்தை வாக்களிப்பதாக மிகுதியும் எடுத்தாளப்படும் எரேமியா இருபத்தொன்பதாம் அதிகாரத்தின் பதினோராம் வசனம், கி.மு. 597இல் எகொனியா அரசனோடு பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட மக்களுக்கு எருசலேமிலிருந்து எழுதிய கடிதத்தில் உள்ளது. விரைவில் திரும்பிவிடலாம் என்று சொன்ன தீர்க்கதரிசிகளை நம்ப வேண்டாம், வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், எழுபது ஆண்டு ஆகும் என்பதே அக்கடிதத்தின் செய்தி. கேட்டவர்களுள் பெரும்பாலோர் திரும்பும் நாளைக் காணப்போவதில்லை. வேதாகமத் தமிழில் கடவுள் தனியொருவரை ‘நீ’ என்றே விளிப்பதால், அவ்வசனத்தில் வரும் ‘உங்கள்’ மரியாதைப் பன்மையன்று, ஒரு சமூகத்தைக் குறிக்கும் உண்மைப் பன்மை என்பதைத் தமிழ் வாசகர் வேறெவரின் துணையுமின்றியே கண்டுகொள்ளலாம். இந்த ஆண்டிலேயே இந்த வீட்டிலேயே நிறைவேறும் என்று எண்ணி அதைப் பற்றிக்கொண்ட ஒரு தாய், நிறைவேறாதபோது தன் விசுவாசத்தில்தான் குறை என்று தன்னையே வதைத்துக்கொள்வாள். தன் வாழ்நாளில் முடியாத காத்திருப்புக்குள் இருந்தவர்களோடு பேசப்பட்ட சொல் அது என்று அறிந்தவளுக்கோ அவ்வசனம் துன்பத்தின் நடுவிலும் கைவிடாது.

கடினமான பகுதிகள் இருக்கின்றன. எஜமானியின் கொடுமைக்குத் தப்பியோடிய ஆகாரை அந்த எஜமானியிடமே திரும்பிப்போகச் சொல்லும் பகுதி, தாவீதின் மகள் தாமாருக்கு நேர்ந்த கொடுமை, நியாயாதிபதிகள் பத்தொன்பதாம் அதிகாரத்தில் பெயர்கூடச் சொல்லப்படாத ஒரு பெண்ணின் முடிவு ஆகியவை தியான நூல்களில் இடம்பெறுவதில்லை. வீட்டுக்குள்ளேயே இத்தகைய கொடுமையை அனுபவித்த ஒரு பெண் அப்பக்கங்களைத் தற்செயலாக எதிர்கொள்ளும்போது, தன் நிலையை வேதம் அறிந்திருக்கிறது என்பதைச் சொல்லித்தர அருகில் எவரும் இருப்பதில்லை. அமெரிக்க வேத அறிஞர் பிலிஸ் டிரிபிள் 1984இல் வெளியிட்ட நூலில் இப்பகுதிகளையே எடுத்துக்கொண்டு, அவற்றை நியாயப்படுத்தாமலும் நூலைத் தூக்கியெறியாமலும், இறந்தவருக்கு நினைவேந்தல் செய்வதுபோல் சொல் சொல்லாக வாசித்துக் காட்டினார். அத்தகைய வாசிப்பில்தான், வேதாகமத்திலேயே கடவுளுக்குப் பெயரிட்ட ஒரே மனிதப் பிறவி ஆகார் என்னும் எகிப்திய அடிமைப் பெண் என்பது கண்ணில் படுகிறது.

வினவுதலுக்கு வேதாகமத்துக்குள்ளேயே கிடைக்கும் மிக வலிய சான்று எண்ணாகமம் இருபத்தேழாம் அதிகாரம். ஆண்மக்களின்றி இறந்த செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள், மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று ஐவர் பெயரும் சொல்லப்பட்டவர்களாய், மோசேக்கும் ஆசாரியனுக்கும் பிரபுக்களுக்கும் சபையனைத்துக்கும் முன்பாக நின்று, தங்கள் தந்தையின் பெயர் அற்றுப்போவது ஏன் என்று கேட்டுக் காணியாட்சி கோருகிறார்கள். சட்டத்தை வழங்கிய மோசேக்கே விடை தெரியவில்லை. வழக்கைக் கடவுளிடம் கொண்டுபோகிறார். அவர்கள் சொல்வது சரி என்பதே கிடைக்கும் தீர்ப்பு, அதன்பின் சட்டம் விரிகிறது. முப்பத்தாறாம் அதிகாரத்தில் குலத்தின் ஆண்கள் முறையிட, அப்பெண்கள் தங்கள் குலத்துக்குள்ளேயே மணம் முடிக்க வேண்டும் என்னும் கட்டுப்பாடும் சேர்கிறது என்பதை மறைக்காமல் வாசிப்பதே நேர்மை. மகள்களின் காணியாட்சி பற்றிய இக்கேள்வி நம் நாட்டுக்கும் அந்நியமன்று. திருவிதாங்கூர்ப் பகுதியில் 1916ஆம் ஆண்டின் கிறிஸ்தவர் வாரிசுரிமைச் சட்டம் மகளுக்கு மகனின் பங்கில் கால் பாகம் அல்லது ஐயாயிரம் ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதை மட்டுமே அளித்துவந்தது. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகே அந்நிலை மாறியது. அத்தீர்ப்பு நாட்டின் சட்டத்தைக் கொண்டு வழங்கப்பட்டது, எண்ணாகமத்தைக் கொண்டன்று. ஆனாலும் அந்த எழுபது ஆண்டுகளில் அப்பகுதியின் ஆலயங்களில் வேதம் வாசிக்கப்படாமல் இருக்கவில்லை என்பது நெஞ்சை உறுத்தும் உண்மை.

மர்செல்லாவின் விதத்தில் இந்திய மண்ணில் வேதத்தை அணுகியவர் பண்டித ரமாபாய். சமஸ்கிருதத்தைத் தந்தை அனந்த சாஸ்திரியிடமும் தாயிடமும் கற்று, 1878இல் கல்கத்தா அறிஞர்களால் பண்டிதை என்று பட்டம் பெற்ற அவர், 1883இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். ஞானஸ்நானத்துக்குப் பின்னும் அவர் கேள்வி கேட்பதை நிறுத்தவில்லை. தம்மை ஆதரித்த கன்னியர் மடத்தாரோடு நிகழ்ந்த கடிதப் போக்குவரத்தில், சபையின் உபதேசங்களுள் எதைத் தம் மனச்சாட்சி ஏற்கும், எதை ஏற்காது என்று விடாது வாதிட்டார். கீழ்ப்படிதலைக் கற்க வேண்டும் என்று அவருக்கு அறிவுரை கூறப்பட்டது. ஒரு நுகத்தைக் கழற்றி வந்தவர் மற்றொன்றை ஆராயாமல் கழுத்தில் ஏற்க மறுத்தார். புனே அருகே கேட்காவ் என்னுமிடத்தில் விதவைகளுக்கும் பஞ்சத்தில் கைவிடப்பட்ட பெண்களுக்கும் அவர் அமைத்த முக்தி மிஷனில், வாழ்வின் கடைசி ஆண்டுகளை எபிரெயமும் கிரேக்கமும் கற்று வேதாகமத்தை மராத்தியில் மொழிபெயர்ப்பதற்கே செலவிட்டார். அப்போது வழங்கிய மொழிபெயர்ப்பின் நடையும், அதில் கலந்திருந்த வேதாந்தச் சாயலுள்ள சமஸ்கிருதச் சொற்களும் எளிய பெண்களுக்கு எட்டாதவை என்று சமஸ்கிருதத்தில் கரைகண்ட ஒருவரே கருதியது குறிப்பிடத்தக்கது. தம் பட்டத்துக்குக் காரணமான மொழியை, பட்டமில்லாத பெண்களின் பொருட்டு அவர் ஒதுக்கிவைத்தார். அவர் 1922இல் இறந்தார். முழு வேதாகமமும் 1924இல் வெளிவந்தது. அதன் எழுத்துகளை அச்சகத்தில் கோத்தவர்கள், அங்கே வந்துசேர்ந்த பின்னர் எழுத்தறிவு பெற்ற பெண்கள்.